புதுக் காரைக் கீறலின்றிக் கழுவுவது, உரசிய அலாய் வீலை வீட்டிலேயே சரிசெய்வது

புதுக் காரின் பெயின்டை அதிகம் கெடுப்பது சாலை அல்ல, துடைக்கும் துணி. வாங்கி ஓராண்டுகூட ஆகாத கறுப்பு வண்டி ஒன்றின் பானெட்டை இரவில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒளி விழும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் பின்னிக் கிடக்கும். அவற்றில் அநேகமாக எதுவும் ஓட்டும்போது விழுந்ததல்ல. தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தபோதும், மண் கலந்த ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப முக்கிய துணியால் தேய்த்தபோதும் விழுந்தவை.

காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் தடிமன் பொதுவாக 40 மைக்ரான் அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 25-ல் ஒரு பங்கு. "பாலிஷ் போட்டால் கீறல் போய்விடுமே" என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிஷ் என்பது கீறலின் ஆழம் வரை அந்தப் பூச்சைச் சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் குறையும். குறைந்தது திரும்பி வராது. பெயின்ட் அடித்த அலாய் வீலிலும் அமைப்பு இதேதான். அலுமினியத்தின் மேல் நிறம், நிறத்தின் மேல் கிளியர் கோட். நடைபாதை விளிம்பில் உரசும்போது அந்தப் பூச்சு பெயர்ந்து உலோகம் வெளியே வருகிறது. ஆகவே கழுவுவதையும் வீல் பழுதையும் சேர்த்தே சொல்கிறேன்: முதலாவது அந்தப் பூச்சைக் காப்பது, இரண்டாவது போன இடத்தில் அதை மீண்டும் போடுவது.

வண்டி கைக்கு வரும் நாள்

டெலிவரிக்கு முந்தைய நாளே ஷோரூமுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: வண்டியைத் துடைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை நான் வந்து உரித்துக்கொள்கிறேன் என்று. அவசரத்தில் ஒரே துணியால் பத்து வண்டிகளைத் துடைக்கும் இடத்தில் முதல் கீறல்கள் விழுவது சகஜம். தூசியோடு வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

பூஜை போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். பானெட்டில் வைத்துவிட்டால் அன்று மாலைக்குள் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மஞ்சளும் குங்குமமும் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வண்டியில் கறை பிடிக்கும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் கீறல் நிச்சயம். கற்பூரத்தைத் தட்டில் ஏற்றிக் காட்டுங்கள், வண்டியின் மேல் ஏற்ற வேண்டாம்.

புது வண்டியை ஒரு மாதம் கழுவக் கூடாது என்றொரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. தொழிற்சாலையில் பெயின்ட் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதப்படுத்தப்பட்டுத்தான் வெளியே வருகிறது. முதல் நாளே கழுவலாம், மெழுகும் பூசலாம். விபத்துக்குப் பிறகு பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த கதவு, பம்பர் போன்றவற்றுக்குத்தான் அந்தக் காத்திருப்பு தேவை. அங்கே அவ்வளவு சூடு கொடுக்க முடியாது.

வாங்க வேண்டியவை

கார் ஷாம்பு, வாளிகள் மூன்று (அவற்றில் ஒன்று வீலுக்கு மட்டும்), மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துவட்டுவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று, வீலுக்கென்று தனித் துணியும் மென்மையான பிரஷும். வாளியின் அடியில் வைக்கும் துளைத் தட்டு கிடைத்தால் வாங்குங்கள். மண் அதற்குக் கீழே இறங்கித் தங்கிவிடும், துணியோடு மேலே வராது. தட்டையான ஸ்பாஞ்ச் வேண்டாம். கையுறையின் நீளமான இழைகளுக்குள் மண் புகுந்துகொள்ள இடமுண்டு. ஸ்பாஞ்சில் அது மேற்பரப்பிலேயே நின்று பெயின்டோடு உரசும்.

துணி சோப்புத் தூள் காரமானது. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். இரண்டும் வேண்டாம். தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து துடைத்தால் மினுங்கும் என்பதும், வாட்டர் வாஷ் முடிந்து வண்டியின் அடியில் டீசல் அடிப்பதும் இன்னும் நம் ஊரில் நடக்கின்றன. இரண்டுமே ரப்பர் பாகங்களைக் கெடுப்பவை. உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கழுவும் முறை

வெயில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ நிழலில் நிறுத்திக் கழுவுங்கள். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும்.

வீலில் தொடங்குங்கள். அதிக அழுக்கு அங்கேதான். கடைசியில் கழுவினால் அந்த அழுக்கு சுத்தமான கதவுகளில் தெறிக்கும். பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத் துகள்கள் சூட்டோடு வீலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் பதிந்துவிடும். வீல் ஆறியபின் தண்ணீர் அடித்து, ஷாம்பு நீரில் பிரஷை முக்கி ஆரங்களுக்கு (ஸ்போக்) இடையிலும் நட்டுகளைச் சுற்றியும் தேயுங்கள். பதிந்துபோன துகள்களுக்கு அயர்ன் ரிமூவர் என்ற திரவம் கிடைக்கிறது. தெளித்த சில நிமிடங்களில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். சில இடங்களில் வீலுக்கு ஆசிட் அடிக்கிறார்கள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், கிளியர் கோட் மங்கத் தொடங்கும். கழிவறை கழுவும் ஆசிடை வீல் பக்கமே கொண்டுவரக் கூடாது.

அடுத்தது, கையே படாமல் நனைப்பது. முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான். கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விட்டுத் தளர்ந்த மண்ணையெல்லாம் இறக்கிவிட வேண்டும். ஹோஸ் வசதியில்லாத அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் தோட்டத்துப் பூவாளியே போதும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் விசிறி போல நீரைப் பரப்பும் முனையைப் பொருத்தி, குறைந்தது ஓர் அடி தள்ளி நின்று அடியுங்கள். சென்சார்கள், ஸ்டிக்கர்கள், பெயின்ட் ஏற்கெனவே பெயர்ந்த இடம், டயரின் பக்கச்சுவர் ஆகியவற்றுக்கு நெருக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். மின்சார வண்டி என்றால் சார்ஜ் மூடி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு கைப்பம்பு தெளிப்பானில் ஷாம்பு நீர் ஊற்றி வண்டி முழுக்கத் தெளித்து, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மறுபடி தண்ணீர் விட்டு இறக்குங்கள். தேய்க்க மிஞ்சும் மண் மிகக் குறைந்துவிடும்.

இப்போதுதான் கையுறை. ஒரு வாளியில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு நீரில் முக்கி ஒரு பகுதியைக் கழுவியதும், கையுறையை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு நீருக்கு வர வேண்டும். இந்த ஒழுங்கை ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். முடிந்தபின் அலசிய வாளியின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டுப்படும். ஒரே வாளியாக இருந்தால் அத்தனையும் மறுபடி பெயின்டின் மேல் போயிருக்கும்.

கழுவும் வரிசை கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி, கடைசியாகப் பம்பர்கள். கீழே போகப் போக மண் அதிகம் என்பதால் இந்த வரிசை. அழுத்த வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். கையுறை தரையில் விழுந்தால் அதோடு அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. குழாயடியில் நன்றாக அலசி, இழை இழையாகப் பார்த்த பிறகே மீண்டும் எடுக்க வேண்டும்.

துவட்டுவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நம் தண்ணீருக்கு அது ஒத்துவராது. சென்னையின் பல அடுக்குமாடிகளில் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். துளிகள் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு வட்டங்கள் நின்றுவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வையுங்கள். மழைநீர் அருமையானது. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இருக்காது. இரண்டு நாள் பிடித்து வைத்துத் துணியில் வடிகட்டினால் ஒரு வாளி தேறும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை இதற்கு எடுக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். டவலை விரித்துப் பரப்பி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே வட்டங்கள் விழுந்திருந்தால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து நனைத்துத் துடைத்து, உடனே அலசுங்கள். புதிய கறைகள் போய்விடும்.

ஹோஸைத் திறந்தே வைத்துக் கழுவினால் தண்ணீர் வீணாவதைத் தவிர்க்க முடியாது. மேலே சொன்ன முறையில் 15 லிட்டர் வாளி நான்கைந்து போதும். 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டதை மறக்க முடியுமா? 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தார்கள். குடிநீரை இதற்குத் தொடாமலிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கழுவி முடித்ததும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக்கை நான்கைந்து முறை பிடித்து ஈரத்தைப் போக்குங்கள். பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஓட்டியதும் போய்விடும்.

இரண்டு கழுவலுக்கு இடையில்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் வாரம் ஒரு முறை. இடையில் தூசி தெரிகிறதே என்று உலர்ந்த துணியை எடுக்காதீர்கள். தூசியோடு நிற்கும் வண்டிக்கு எந்தக் கேடும் இல்லை.

அடுக்குமாடிகளில் விடியற்காலையில் வண்டி துடைக்க ஒருவர் வருவார். ஒரு வாளி, ஒரு துணி, இருபது வண்டி. அவர்மேல் குறை சொல்ல எதுவுமில்லை; அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். அவரிடம் நேரில் பேசுங்கள்: "அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். கண்ணாடியை மட்டும் இந்தத் துணியால் துடைத்துவிடுங்கள், வாரம் ஒருநாள் மட்டும் நான் சொல்கிறபடி கழுவிக் கொடுங்கள், மாதச் சம்பளம் அதேதான்." துணிகளையும் வாளிகளையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, முதல் முறை பக்கத்தில் நின்று காட்டுங்கள்.

பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது. கோடை வெயிலில் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தடம் பதித்துவிடும். நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு, இளகியபின் தூக்கி எடுங்கள். மரப்பிசினுக்கும் அதுவே. தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரசிய வீல்: முதலில் பார்க்க வேண்டியது

உங்கள் வீல் அலாய்தானா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலாய் போலவே தோன்றும் எஃகு வீல்களும் பிளாஸ்டிக் மூடிகளும் இப்போது நிறைய வருகின்றன. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது என்பதால் மூடியா என்று தட்டியும் பாருங்கள். மூடிதான் உரசியிருந்தால் மூடியை மாற்றினால் முடிந்தது.

அடுத்து, வீலின் வகை. முகம் முழுக்க ஒரே சில்வர் அல்லது சாம்பல் நிறம் என்றால் பெயின்ட் அடித்த வீல், வீட்டில் சரிசெய்யலாம். ஆரங்களின் முன்முகம் மட்டும் கண்ணாடியாக மினுங்கி, உள்பக்கம் கறுப்பாக இருந்தால் அது டைமண்ட் கட். கிரெட்டா, நெக்ஸான் போன்ற வண்டிகளின் உயர் ரகங்களில் இதைப் பார்க்கலாம். அந்த மினுக்கம் பெயின்ட் அல்ல, இயந்திரத்தில் சீவிய அலுமினியமே. உப்புத்தாளும் ஸ்ப்ரேயும் கொண்டு அதை மீட்க முடியாது. அதற்குரிய லேத் வசதியுள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்; ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவும் முடியாது. அதுவரை உரசிய இடத்தை அப்படியே விடாதீர்கள். ஈரம் கிளியர் கோட்டுக்கு அடியில் புகுந்து வெள்ளை வெள்ளையாக அரித்துக்கொண்டே போகும். பிசிறுகளை மெல்லத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, கிளியர் லாக்கரைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்து மூடிவிடுங்கள். அழகு வராது, அரிப்பு நிற்கும்.

மூன்றாவது பாதுகாப்பு. விரிசல், வளைவு, உடைந்த விளிம்பு, அடிக்கடி காற்று இறங்குவது, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது, டயரின் பக்கச்சுவரில் புடைப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அலங்கார வேலையைத் தொடங்க வேண்டாம். நேராக வீல் பட்டறைக்குப் போங்கள். விரிசலைப் பட்டி (குழியை நிரப்பும் பசை) வைத்து மறைப்பது உயிரோடு விளையாடுவது. விரிசல் விட்ட வீலை மாற்றிவிடுவதே சரி.

சரிசெய்யும் முறை

ஆழமில்லாத உரசலுக்கு வீலைக் கழற்ற வேண்டியதில்லை. தேவையானவை: 240, 400, 800 எண் உப்புத்தாள்கள், சிறு அரம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், ஒரு சீட்டுக்கட்டு, ஹார்டனருடன் (இறுக வைக்கும் கலவை) வரும் பட்டி, பிரைமர் (நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சு), வீல் நிற ஸ்ப்ரே, கிளியர் ஸ்ப்ரே, முகக்கவசம், கையுறை. பிரைமர் வாங்கும்போது வெற்று அலுமினியத்துக்கு ஏற்றதா, பட்டியின் மேலும் அடிக்கலாமா என்று டப்பாவில் படித்து வாங்குங்கள். தவறான பிரைமர் சில வாரங்களில் தோலாக உரியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. மழைக்காலத்தின் ஈரக் காற்றில் கிளியர் கோட் பால் நிறமாகப் பூத்துவிடும். வறண்ட நாளில், நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கத்து வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஸ்ப்ரே தூசி மிதந்து போய் அடுத்தவர் காரில் படிந்தால் எளிதில் போகாது.

வீலைக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்த பின் சீட்டுகளை ஒவ்வொன்றாக டயருக்கும் வீல் விளிம்புக்கும் இடையே செருகிக்கொண்டே போங்கள். டயரை மறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆரங்களுக்குப் பின்னால் செய்தித்தாளைத் திணித்துப் பிரேக் டிஸ்க்கை முழுதும் மூடுங்கள். டிஸ்க்கில் பெயின்ட் படவே கூடாது. நட்டுகளையும் டேப்பால் மூடுங்கள்.

தூக்கி நிற்கும் பிசிறுகளை அரத்தால் எடுங்கள். பிறகு 240 தாளால் உரசிய இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டரையும் தேய்த்து, பெயின்டும் உலோகமும் சேரும் ஓரம் படியாக நிற்காமல் சரிவாக இறங்கும்படி செய்யுங்கள். தேய்த்தாலே போய்விடும் கீறலுக்குப் பட்டி வேண்டாம். குழி மிஞ்சினால் மட்டும் பட்டியை டப்பாவில் சொன்ன அளவில் ஹார்டனருடன் கலந்து, குழியைவிடச் சற்று உயரமாக வையுங்கள். சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும், எனவே கொஞ்சமாகக் கலக்குங்கள். நன்றாக இறுகியபின் 240, 400 என்று தேய்த்து விளிம்பின் வளைவோடு சேருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. இப்போது தெரியாத படி, பெயின்ட் அடித்ததும் பளிச்சென்று தெரியும்.

மறுபடி ஆல்கஹாலால் துடைத்து, பிறகு விரல் படாமல் பிரைமர் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்துங்கள். மெல்லிய பூச்சு மூன்று, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் வழியும். பிரைமர் காய்ந்ததும் 800 தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, துடைத்து உலர்த்துங்கள்.

நிறத்தில் நிதானம் தேவை. சில்வர் என்று எழுதிய டப்பாக்கள் எல்லாம் ஒரே நிறமல்ல. அட்டையில் அடித்து, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் வீலின் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பொருந்தினால் மட்டும் தொடருங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று. நிறத்தின் மேல் உப்புத்தாள் போடாதீர்கள், மெட்டாலிக் துகள்கள் கலைந்து திட்டாகும். அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் கிளியர் கோட் இரண்டு மூன்று பூச்சு, பழுது பார்த்த இடத்தையும் தாண்டி அந்த ஆரத்தின் ஓரம் வரை. பாதியில் நிறுத்தினால் கோடு தெரியும்.

கடைசிப் பூச்சு முழுதும் காய்வதற்குள், கிழியாமல் மெதுவாக டேப்பை உரியுங்கள். பிறகு டிஸ்க்கை மறைத்த தாள் ஒரு துண்டுகூட உள்ளே தங்கவில்லையே என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வீலைக் கழற்றித்தான் செய்தீர்கள் என்றால், வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். நட்டு உட்காரும் இடத்திலும் வீலின் பின்பக்கம் ஹப்பில் பொருந்தும் முகத்திலும் பெயின்ட் படக் கூடாது. பட்டால் நட்டு நாளடைவில் தளரும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு வண்டியை எடுக்கலாம். முதல் வாரம் அந்த வீலில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். ஒரு மாதம் வரை அயர்ன் ரிமூவர் போன்ற திரவங்கள் வேண்டாம், ஷாம்பு நீரும் மென்மையான துணியும் போதும்.